உறைப்புக் குறைந்த இறால் கூழ்

கூழ் குடித்தால் கண்ணாலும் மூக்காலும் நீர் ஓட வேண்டும் என்பது யாழ்ப்பாணத்தில் பலருடைய கட்சி. எங்கள் வீட்டுக் கூழில் செத்தல் மிளகாய் மூன்றுக்கு மேல் போகாது, அதுவும் விதை தட்டியது. மாமாவுக்கு வயிற்றுப்புண் வந்த காலத்தில் மாமி அப்படி மாற்றினார். மாமா தேறிய பிறகும் பழைய கூழை வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. இறாலின் இனிப்பும், காய்ந்த பனங்கிழங்கான ஒடியலின் மெல்லிய கைப்பும் நாக்குக்குத் தனித்தனியாகத் தெரியத் தொடங்கியிருந்தன. சமையல் பழக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: உறைப்புக் கூழில் பழைய இறாலும் ஒளிந்துகொள்ளும், வேகாத கிழங்கும் ஒளிந்துகொள்ளும். இதில் எல்லாம் வெளியே தெரியும்.

ஆகவே வேலை சந்தையிலேயே தொடங்கிவிடுகிறது. மாமி குருநகர்க்காரி. பாசையூரில் இறால் குவியலுக்கு முன் குந்தினால் அவர் பார்ப்பது தலையைத்தான். தலை உடலோடு இறுகிப் பிடித்திருக்க வேண்டும். தூக்கினால் தொங்கக் கூடாது. கறுக்கத் தொடங்கியிருந்தால் விலை எவ்வளவு இறங்கினாலும் எழும்பிவிடுவார். பெரிய இறாலுக்காக அலையவும் மாட்டார். விரல் நீளம் போதும், ஆனால் எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஒன்றாக வேகும்.

ஆறு பேருக்கு அரைக் கிலோ. முதுகுக் குடலை ஈர்க்கால் கிளப்பி எடுத்து, சதையில் உப்பும் மஞ்சளும் பிரட்டி வைக்கலாம். தலையையும் கோதையும் குப்பையில் கொட்டுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மிளகாய் குறைந்த கூழுக்கு ஆதாரமே அவைதான். வெறும் சட்டியில் போட்டு, சிவந்து மணம் எழும்பும்வரை வறட்டி, இரண்டரை லீற்றர் தண்ணீர் விட்டு 20 நிமிடம் மெல்லக் கொதிக்கவிடுங்கள். வடிக்கும்போது அகப்பையின் முதுகால் தலைகளை நசுக்க வேண்டும். செம்மஞ்சளாக ஒரு கொழுப்புக் கசிந்து வரும். மாமி அவசரமே இல்லாமல், சக்கை வெளிறும்வரை நசுக்குவார்.

ஒடியல் மா 200 கிராம் காலையிலேயே நிறையத் தண்ணீரில் ஊறியிருக்க வேண்டும். மா அடியில் படிந்ததும் மேலே மங்கலாக நிற்கும் நீரைச் சரித்து ஊற்றி, புதுத் தண்ணீர் விட வேண்டும். உறைப்புக் கூழ்க்காரர் இரண்டு தரத்தோடு விட்டுவிடுவார்கள். நமக்கு மூன்று தரம், சில மாவுக்கு நாலு. கைப்பை அமுக்க மிளகாய் இல்லையே. கடைசி நீரை நாக்கில் தொட்டுப் பாருங்கள், அதுவே சொல்லும்.

வடித்த நீர் கொதித்ததும் ஒரு பிடி அரிசியும் கோது நீக்கிய பலாக்கொட்டையும். அவை பாதி வெந்ததும் கால் கிலோ மரவள்ளி, சட்டியை மூடாமல். மரவள்ளி விழுந்த சட்டிக்குள் இஞ்சி போடும் வழக்கம் எங்களிடம் இல்லை. பயற்றங்காய் பிறகு. புளி இன்னும் பிறகு. போன வருடம் பழக வந்த பிள்ளை ஒருத்தி புளியை முன்னதாகவே விட்டுவிட்டாள். எவ்வளவு நேரம் எரித்தும் கிழங்கு மசியவில்லை. புளிப்பு ஏறிய நீரில் மரக்கறி வேகப் பிந்தும். மாமி அவளை ஏசவில்லை. ஒரு துண்டை அகப்பையில் எடுத்து, ஊதி, இரண்டு விரலால் அமர்த்திக் காட்டினார். ஓரம் நசிந்தது, நடு விறைத்தபடியே நின்றது. "இனி விரலைக் கேட்டுப்போட்டுப் புளியை விடு பிள்ளை," என்றார்.

மூன்று செத்தல், கொஞ்சம் மிளகு, ஐந்தாறு பல் உள்ளி, ஒரு துண்டு மஞ்சள். அம்மியில் பசையாக அரைத்து, தேசிக்காயளவு பழப்புளியின் கரைசலோடு ஒடியல் மாவில் கலக்க வேண்டும். கட்டி ஒன்றும் இருக்கக் கூடாது. கிழங்கு மசிந்ததும் அதைச் சட்டியில் ஊற்றினால், பிறகு அகப்பை நிற்கக் கூடாது. நின்றால் அடிப்பிடிக்கும், அந்தக் கருகல் மணத்தை எதனாலும் எடுக்க முடியாது. பச்சை மா மணம் போய்க் குமிழிகள் கனத்து வெடிக்கும்போது உப்பும் புளியும் பார்த்து, ஒரு பிடி முருங்கையிலை போடுங்கள்.

கடைசியாகத்தான் இறால். கெட்டியான கூழ் சூட்டை விடாமல் வைத்திருக்கும், நெருப்பை அணைத்த பிறகும் இறால் உள்ளே வெந்துகொண்டுதான் இருக்கும். அதனால் முழுதாக வேகும்வரை அடுப்பில் வைக்கக் கூடாது. இரண்டு நிமிடத்தில் ஒன்றை எடுத்துப் பாருங்கள். நிறம் வெளுத்து, உடல் கூன் விழுந்து, தடித்த பக்கத்தில் மட்டும் கண்ணாடித் தன்மை கொஞ்சம் மிச்சமிருந்தால் அந்த நொடியே இறக்க வேண்டும். வாலும் கழுத்தும் முட்ட வட்டமாகச் சுருண்டுவிட்டால் பிந்திப்போச்சு, றப்பர்தான். இந்த நேரத்தில் மாமியோடு யாரும் பேச மாட்டார்கள். நான் ஒருமுறை கோப்பை எடுக்கத் திரும்பியபோது, "இறால் உன்னைப் பாத்துக்கொண்டு நிக்காது, நீதான் அதைப் பாத்துக்கொண்டு நிக்கோணும்," என்றார். கோப்பைகளை முன்னமே எடுத்து அடுக்கி வைப்பது அன்றிலிருந்து பழக்கம்.

இறக்கிப் பத்து நிமிடம் ஆறவிட்டுப் பரிமாறலாம். உறைப்பு வேண்டியவர்களுக்குப் பச்சைமிளகாயைக் கீறிப் பக்கத்தில் வைத்துவிடுங்கள், சட்டிக்குள் வேண்டாம். கூழ் மிஞ்சினால் இறாலை அரித்தெடுத்து, இரண்டையும் வேறு வேறாகக் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். மறுநாள் கூழ் இறுகியிருக்கும். கொதிநீர் விட்டு இளக்கி, நன்றாகக் கொதிக்கவைத்து, இறக்கும் தறுவாயில் இறாலைச் சேர்த்து, அதற்குச் சூடு ஏறும்வரை மூடிவைத்தால் போதும்.