வேங்கடத்து வெயிலில் நான்கு நாள்

குடும்பத்தோடு வெயில் நாடு பார்க்க ராஜஸ்தான் வரை போகத்தான் வேண்டுமா? தமிழ் இலக்கியத்தின் பாலை நிலம் சென்னையிலிருந்து மூன்று, நான்கு மணி நேரத் தொலைவில் தொடங்குகிறது. தேவையானவை: கொஞ்சம் முன்யோசனை, தலைக்கு ஒரு தொப்பி, கையில் தண்ணீர்.

டிசம்பர் விடுமுறைக்கு ஜெய்சால்மர் போகலாம் என்று பிள்ளைகள் ஆரம்பிப்பார்கள். மணல்மேடு, ஒட்டகச் சவாரி, கூடாரத்தில் ஓர் இரவு. அப்பா கணக்குப் போடுவார். சென்னையிலிருந்து ஜோத்பூர் போய்ச் சேரவே ரயிலில் இரண்டு இரவுகள் ஆகும். அங்கிருந்து ஜெய்சால்மருக்கு இன்னும் சுமார் 280 கிலோமீட்டர். போக, வர நான்கு நாள் ரயிலிலேயே கழிந்துவிடும். பாட்டியின் முழங்காலை நினைத்து அம்மா தயங்குவார். கடைசியில் யாராவது ஒருவர் சொல்வார்: "சரி, திருப்பதிக்காவது போய்விட்டு வரலாம்."

அந்த 'ஆவது'வில் தொனிக்கும் அலட்சியத்துக்குக் காரணம் உண்டு. தமிழ்க் குடும்பங்களின் திருப்பதிப் பயணம் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தது. நள்ளிரவில் கிளம்பி, கியூவில் நின்று, ஒரு கணம் பெருமாளைப் பார்த்து, லட்டு வாங்கி, மறுநாள் ஊர் திரும்பிவிடுவது. மலைக்குக் கீழே என்ன ஊர் இருக்கிறது, சுற்றிலும் என்ன நிலம் இருக்கிறது என்று பார்க்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. அந்த நிலத்துக்காக நான்கு நாள் ஒதுக்கினால் அது முற்றிலும் வேறு பயணமாகிவிடும்.

சங்கப் புலவர்களுக்கு அந்த நிலம் நன்றாகத் தெரிந்திருந்தது. தமிழில் பாலை என்றால் மணல்மேடு மட்டும் அல்ல. குறிஞ்சியும் முல்லையும் கோடையில் தம் இயல்பு கெட்டு வறண்டு போனால் அதுவே பாலை என்று சிலப்பதிகாரம் விளக்கம் தருகிறது. அகநானூற்றில் மாமூலனார் பாடிய பாலைப் பாடல்களில், பொருள் தேடிப் பிரியும் தலைவன் வேங்கட மலையைத் தாண்டி வேற்று மொழி பேசும் நாட்டுக்குப் போகிறான். அந்த மலைக்குத் தலைவனாக இருந்த புல்லியின் பெயரும் அவர் பாட்டில் வருகிறது. தமிழகத்தின் வட எல்லை என்று தொல்காப்பியப் பாயிரம் சொல்லும் வேங்கடமும் இதுதான்.

மழைக் கணக்கில் பார்த்தால் சித்தூரை ஜெய்சால்மரோடு ஒப்பிட முடியாது. பாலைவனத்துக்கு நெருக்கமான காட்சி வேண்டுமென்றால் ராயலசீமையில் இன்னும் மேற்கே போக வேண்டும். நாட்டிலேயே மிகக் குறைந்த மழை பெறும் மாவட்டங்களில் ஒன்றான அனந்தப்பூரில், பொம்மனஹால் பக்கம் ஹகரி ஆற்று மணலைக் காற்று வாரி வயல்களில் மேடாகக் கொட்டியிருக்கிறது. சித்தூர், திருப்பதி பக்கம் அந்த அளவுக்கு இல்லை. மொட்டைப் பாறைக் குன்றுகள், முள்மரங்கள், வேர்க்கடலைக் காடுகள், வருடத்தின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆறுகள், வருடம் முழுவதும் வெயில். குழந்தைகளோடும் பெரியவர்களோடும் தாங்கக்கூடிய பாலை இது.

எப்போது போவது?

பள்ளிக்கூடம் மூடியதும் கிளம்புவது வழக்கம். இந்தப் பயணத்துக்கு அந்த வழக்கம் பொருந்தாது. ஏப்ரல், மே மாதங்களில் திருப்பதியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மலைமேலும் அப்போதுதான் கூட்டம் அதிகம். டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை வெயில் இதமாக இருக்கும். இரவில் போர்வை வேண்டும். பொங்கலை ஒட்டிய நாட்களும் பிப்ரவரியின் வார நடுவும் நல்லவை.

நவம்பரில் ஓர் எச்சரிக்கை. வறண்ட நாடு என்பதால் வெள்ளம் வராது என்று நினைத்துவிடக் கூடாது. 2021 நவம்பரில் கொட்டிய மழையில் திருப்பதித் தெருக்களில் கார்கள் மிதந்தன. மலைக்குப் போகும் நடைபாதையில் காட்டாறு பாய்ந்தது. எப்போதும் மணலாகக் கிடக்கும் சுவர்ணமுகி இரு கரையும் புரண்டு ஓடியது. வங்கக் கடலில் புயல் சின்னம் என்று வானிலைச் செய்தி வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது.

கோடையில் போயே தீர வேண்டும் என்பவர்களுக்கு ஓர் ஆறுதல், மாம்பழம். தென்னிந்தியாவில் மாம்பழக் கூழ்த் தொழிலின் பெரிய மையம் சித்தூர். கிளிமூக்கு மாங்காய் லாரி லாரியாகக் கூழ் ஆலைகளின் வாசலில் நிற்கும் ஜூன் மாதக் காட்சியே தனி. மகசூல் கூடி விலை சரியும் வருடங்களில் அதே லாரிகள் விவசாயிகளின் வேதனை வரிசையாகவும் மாறும்.

முதல் நாள்: சென்னை பிறந்த கதை

சென்னையிலிருந்து திருப்பதி சுமார் 140 கிலோமீட்டர். வேலூர்ப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்குச் சித்தூர் வழி சுலபம். காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாக ரயிலும் உண்டு. அப்படி வந்தால் சித்தூருக்குப் பக்கத்திலேயே காணிப்பாக்கம் பிள்ளையாரைப் பார்த்துவிட்டுத் தொடரலாம்.

மொழிக் கவலை வேண்டாம். இந்தப் பகுதி முன்பு சென்னை மாகாணத்தின் வட ஆற்காட்டோடு சேர்ந்திருந்தது. 1911ல் சித்தூர் தனி மாவட்டமானது. 1953ல் ஆந்திரம் பிரிந்தபோது ம.பொ.சி. திருப்பதிக்காகப் போராடினார். 1960ல் திருத்தணி தமிழகத்துக்குத் திரும்பியது. திருப்பதி ஆந்திரத்திலேயே நின்றுவிட்டது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகவும் ஆனது. கோடுகள் எத்தனை முறை மாறினாலும் பஸ் ஸ்டாண்டிலும் கடைவீதியிலும் தமிழில் பேசினால் தமிழிலேயே பதில் கிடைக்கிறது.

முதல் நாளை மலையேறாமல் கழிப்பது புத்திசாலித்தனம். பிற்பகல் வெயில் தாழ்ந்ததும் பக்கத்தில் இருக்கும் சந்திரகிரிக்குப் போகலாம். 1565ல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்த பிறகு பெனுகொண்டாவுக்கு நகர்ந்த தலைநகர், அங்கிருந்து சந்திரகிரிக்கு வந்தது. பெரும் பாறைக் குன்றின் அடிவாரத்தில் நிற்கும் மூன்று அடுக்கு ராஜ மகால், மரமே பயன்படுத்தாமல் கல், செங்கல், சுண்ணாம்புக் காரையால் கட்டியது. தடித்த சுவரும் வரிசையான வளைவுகளும் உள்ளே வெயிலை அண்டவிடுவதில்லை. மின்விசிறி இல்லாத காலத்தில் வெயில் நாட்டில் எப்படி வாழ்ந்தார்கள் என்று குழந்தைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

சென்னைவாசிகளுக்கு இன்னொரு ஆர்வமும் உண்டு. 1639ல் ஆங்கிலேயக் கம்பெனிக்குக் கோட்டை கட்ட மதராசப்பட்டினத்தில் இடம் கிடைத்தது இந்த அரச வம்சத்தின் ஆளுகையில்தான். நகரத்தின் பிறப்புச் சான்றிதழ் ஒரு வகையில் சந்திரகிரி முகவரியில் இருக்கிறது. உள்ளே தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. விடுமுறை நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

இரண்டாம் நாள்: மலை

திருமலைக்கான திட்டம் வீட்டிலேயே தொடங்க வேண்டும். 300 ரூபாய் சிறப்பு தரிசனத்துக்கு தேவஸ்தானம் இணையத்தில் மாதக்கணக்கில் முன்பே பதிவு திறக்கிறது. 65 வயது தாண்டியவர்களுக்கும் கைக்குழந்தையோடு வருபவர்களுக்கும் தனி ஏற்பாடுகள் உள்ளன. அடையாள அட்டையின் அசல் ஒவ்வொருவர் கையிலும் இருக்க வேண்டும். "போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று கூட்ட நாட்களில் கிளம்புவது எவ்வளவு ஆபத்து என்பதை 2025 ஜனவரி 8 காட்டியது. வைகுண்ட ஏகாதசி தரிசனத்துக்கான இலவச டோக்கன் வாங்க அன்று இரவு திருப்பதியில் ஏற்பட்ட நெரிசலில் ஆறு பேர் இறந்தார்கள். பாட்டியையும் குழந்தைகளையும் அழைத்துப்போகும் குடும்பம் வைகுண்ட ஏகாதசியையும் பிரம்மோற்சவத்தையும் காலண்டரில் பார்த்து விலகி நிற்பதில் பக்திக் குறைவு ஏதுமில்லை.

நடந்து ஏற விரும்புபவர்களுக்கு அலிபிரியிலிருந்து 3,550 படிகள்; ஸ்ரீநிவாச மங்காபுரம் பக்கத்து ஸ்ரீவாரி மெட்டு வழியில் சுமார் 2,400. இரண்டும் சேஷாசலக் காட்டுக்குள் போகின்றன. 2023 ஆகஸ்டில் அலிபிரிப் பாதையில் ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்றது. அதன் பிறகு 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பிற்பகல் 2 மணிக்கு மேல் படியேற விடக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. விதி அவ்வப்போது மாறும். விடியற்காலையில் ஏறி, குழந்தையின் கையை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது மாறாது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இருக்கவே இருக்கிறது 1944ல் திறந்த மலைப்பாதை.

தரிசனம் முடிந்ததும் பஸ் பிடிக்க ஓடாமல் கோயிலுக்கு வடக்கே ஒரு கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிலாதோரணத்துக்குப் போக வேண்டும். சுமார் எட்டு மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் உயரமும் உள்ள இந்தக் கல் வளைவில் சிற்பியின் உளி பட்டதில்லை. காற்றும் நீரும் செதுக்கியது. மலைப்பாதையில் இன்னொரு அதிசயம் பஸ் ஜன்னலுக்கு வெளியே நழுவிப்போகிறது. அடியில் இருக்கும் கருங்கல்லுக்கும் அதன்மேல் படிந்த குவார்ட்சைட் பாறைக்கும் நடுவே காலம் காணாமல் போயிருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் கணக்கில் அந்த இடைவெளி சுமார் 50 கோடி ஆண்டுகள்.

திருமலையில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை உண்டு. வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோனால் கியூவில் தவிக்க வேண்டியதில்லை. வெங்கமாம்பா அன்னதானக் கூடத்தில் சாப்பாடு இலவசம்.

மூன்றாம் நாள்: ஆறும் துணியும்

திருப்பதியிலிருந்து ஒரு மணி நேரத்தில் காளஹஸ்தி. ராகு கேது பரிகாரத்துக்கு வரும் கூட்டம் ஊரை நிறைக்கும். கிருஷ்ணதேவராயர் 1516ல் எழுப்பிய ராஜகோபுரம் 2010 மே மாதம் இடிந்து விழுந்தது. இப்போது நிற்பது 2017ல் குடமுழுக்கு கண்ட புதிய கோபுரம்.

கோயிலோடு திரும்பிவிடுபவர்கள் தவறவிடுவது கலம்காரி. மூங்கில் குச்சியின் நுனியில் துணி சுற்றி நூலால் கட்டியதுதான் 'கலம்'. பருத்தித் துணியை முதலில் கடுக்காய்ச் சாறும் எருமைப் பாலும் கலந்து நனைக்கிறார்கள். பாலின் கொழுப்பு, சாயம் பரவாமல் பிடித்து நிறுத்துகிறது. துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்துக் கறுப்பு மை எடுக்கிறார்கள். சிவப்பு படியப் படிகாரம் வேண்டும். ஒவ்வொரு நிறத்துக்குப் பிறகும் துணியை அலசி, வெயிலில் காயப்போட வேண்டும். பட்டறையில் கேட்டால் குழந்தைகளிடம் ஒரு துண்டுத் துணியும் கலமும் கொடுத்து வரையச் சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

இந்தக் கலைக்கு இரண்டே மூலதனம்: நல்ல வெயில், ஓடும் தண்ணீர். வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஊரை ஒட்டிய சுவர்ணமுகியிலோ பல மாதம் மணல்தான் ஓடுகிறது. பாதங்கள் புதையும் அந்த ஆற்று மணலில் மாலையில் குழந்தைகள் விளையாடலாம். ஜெய்சால்மர் கேட்ட பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். கலம்காரிக் கைகளுக்கு அதே மணல் கவலை.

நான்காம் நாள்: வெயிலிலிருந்து தப்ப

கடைசி நாளுக்கு இரண்டு வழிகள். மழைக்காலம் முடிந்த கையோடு போனால் தலக்கோனா அருவி. 270 அடி உயரத்திலிருந்து விழுகிறது. சுற்றிலும் உலகில் வேறெங்கும் இயல்பாக வளராத செம்மரக் காடு. பிப்ரவரிக்குப் பிறகு அருவி இளைத்துவிடும். அப்போது மேற்கே மதனப்பள்ளி வழியாக ஹார்ஸ்லி ஹில்ஸ். 4,100 அடி உயரம். 19ஆம் நூற்றாண்டில் வெயில் தாங்காமல் இங்கே பங்களா கட்டிக்கொண்ட கடப்பா கலெக்டர் ஹார்ஸ்லியின் பெயர் மலைக்கு நிலைத்துவிட்டது. ஊட்டியின் பகட்டும் கடைவீதியும் இல்லாததே இதன் கவர்ச்சி.

அடிவாரத்து மதனப்பள்ளி, ஜே. கிருஷ்ணமூர்த்தி 1895ல் பிறந்த ஊர். 1919 பிப்ரவரியில் இங்குள்ள தியசாபிகல் கல்லூரியில் தங்கியிருந்த தாகூர், 'ஜன கண மன' பாட்டைத் தன் கையால் ஆங்கிலத்தில் பெயர்த்து எழுதினார். கொஞ்சம் தள்ளி ரிஷி வேலி. ஒரு காலத்தில் மொட்டையாக இருந்த அந்தப் பள்ளத்தாக்கின் குன்றுகளில் பள்ளிக்காரர்கள் பல ஆண்டுகள் மரம் நட்டார்கள். இன்று பறவைகள் தேடி வரும் இடம் அது. அனுமதி இல்லாமல் பள்ளிக்குள் போக முடியாது.

வழியில் சாப்பாட்டுக்கு ராகி சங்கட்டி, நம் ஊர் களியின் உடன்பிறப்பு. கூட வரும் கோழிக் குழம்பும் வேர்க்கடலைத் துவையலும் ராயலசீமைக் காரம்; குழந்தைகளுக்குத் தயிர் கேட்டு வாங்குவது உத்தமம்.

வெயில் நாட்டுக்குப் போகும் குடும்பம் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. ஹோட்டல் அறையில் ஒரு நாளைக்குக் கொட்டும் தண்ணீரை இந்த ஊர்கள் எங்கெங்கிருந்தோ கொண்டுவருகின்றன. 1983ல் ஒப்பந்தமான தெலுங்கு கங்கைத் திட்டத்தில் 1996ல் முதன்முதலாகச் சென்னைக்குக் கிருஷ்ணா நீர் வந்தது. கண்டலேறு அணையிலிருந்து பூண்டிக்குப் போகும் அந்தக் கால்வாய் இந்த வறண்ட மண்ணைக் கடந்துதான் ஊத்துக்கோட்டையில் தமிழக எல்லையைத் தொடுகிறது. பாலையைப் பார்க்க வரும் சென்னைக் குடும்பத்தின் வீட்டுக் குழாயில் வருவது, அதே பாலையின் வழியே ஓடிவந்த தண்ணீராக இருக்கலாம். குளியலறைக் குழாயைக் கொஞ்சம் சிக்கனமாகத் திறக்க அது போதுமான காரணம்.