பாதிப் பறவை எப்படிண்ணே பறக்கும்?

திருநெல்வேலியில பஸ் ஏறி, மூலைக்கரைப்பட்டியில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு வண்டி பிடித்தால் கூந்தன்குளம். மொத்தமே நாற்பது கிலோமீட்டருக்குள்தான். ஊருக்குள் நுழைந்ததும் முதலில் வரவேற்பது வாசனை! 'என்னடா இது, பக்கத்துல கருவாட்டுக் கடையா?' என்று மூக்கைப் பொத்திக்கொண்டு அண்ணாந்து பார்த்தால்... வாசல் வேப்பமரம், கொல்லைப்புறப் புளியமரம் என்று எங்கே பார்த்தாலும் நாரைகள் குடும்பம் குடும்பமாகக் குடித்தனம் நடத்துகின்றன.

1994-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊர் இது. ஆனால், அதற்கு ரொம்ப காலம் முன்பிருந்தே இந்த மக்கள் பறவைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். தீபாவளிக்கு வெடி சத்தம் கிடையாது. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து வளர்ப்பார்கள். எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம். டிசம்பரில் இருந்து ஜூலை வரை சீஸன்.

நான் போனது பறவை பார்க்க அல்ல. மெக்கானிக்கல் மூன்றாம் வருடம், என்.எஸ்.எஸ். முகாம், ஏழு நாள். மற்றவர்களுக்கு மண்வெட்டி கிடைத்தது. எனக்குக் கிடைத்தது நாலாம் வகுப்பு! "பட விளக்கப்படம் சொல்லிக் கொடுங்க தம்பி, போதும்" என்றார் டீச்சர். எக்ஸெல்லில் ரெண்டு தட்டு தட்டினா கிராஃப் வந்து நிற்கிற எனக்கு இதெல்லாம் ஜுஜுபி என்று நினைத்தேன்.

புத்தகத்தில் ஆப்பிள், மாம்பழப் படங்கள். வாண்டுகள் கொட்டாவி விட்டன. ஜன்னலுக்கு வெளியே ஒரு கூழைக்கடா தாழப் பறந்து போக, மொத்த வகுப்பும் திரும்பியது. சரி, இதையே எண்ணுவோம்!

மறுநாள் காலை கிளம்பினோம். ஒரு தெரு, குளக்கரையில் ஒரு திருப்பம், அவ்வளவுதான் எல்லை. உட்கார்ந்திருப்பதை மட்டும்தான் எண்ணணும், பறப்பது கணக்கில் இல்லை. ஒரு மரத்துக்கு ரெண்டு பேர். ஒரு பறவைக்கு ஒரு கோடு, ஐந்தாவது கோடு குறுக்கே. திரும்பி வந்து கூட்டினோம். மஞ்சள்மூக்கு நாரை 35, கூழைக்கடா 20, அரிவாள்மூக்கன் 15.

எழுபது படம் வரைந்தால் சார்ட் தாங்காது. அதனால் மேலே எழுதினோம்: 'ஒரு படம் = 10 பறவைகள்'. அப்போ 35-க்கு? மூணு முழுப் படம், ஒரு அரைப் படம்.

"பாதிப் பறவை எப்படிண்ணே பறக்கும்?" என்றான் முன்வரிசைக்காரன். வகுப்பே சிரித்தது. "அது பாதிப் பறவை இல்லைல, அஞ்சு முழுப் பறவை" என்று பக்கத்தில் இருந்தவளே விளக்கிவிட்டாள். எனக்கு வேலை மிச்சம்!

அடுத்த சிக்கல் கூழைக்கடா. 'அது பெரிய பறவைல்லா' என்று ஒருவன் ரெண்டே ரெண்டை வரைந்தான், யானை சைஸுக்கு! மூணரை நாரையைவிட அந்த வரிசை நீளமாக நின்றது. தூரத்தில் இருந்து பார்க்கிறவர்கள் கூழைக்கடாதான் அதிகம் என்று சத்தியமே பண்ணுவார்கள். எல்லாப் பறவையையும் ஒரே அளவுக் காகிதக் கட்டத்தில் வரைய வைத்து, வரிசையாக ஒட்டினோம். சண்டை தீர்ந்தது. 1925-ல் வியன்னாவில் சமூக, பொருளாதார விவரங்களைப் படமாகக் காட்ட ஒரு அருங்காட்சியகம் தொடங்கிய ஆட்டோ நியூராத்தின் விதியும் இதுதான் என்று பிறகு படித்தேன். அதிகம் என்றால் படத்தைப் பெரிதாக்கக் கூடாது, அதே அளவில் இன்னொன்று வைக்கணும்.

வரைந்தாச்சு, வாசிக்க வேண்டாமா? "கூழைக்கடாவைவிட நாரை எவ்வளவு அதிகம்?" என்றேன். "ஒன்றரை!" என்று கோரஸ். நான் எதுவும் சொல்லாமல் மேலே எழுதியிருந்த அளவைக் காட்டினேன். ரெண்டு நிமிஷம் முணுமுணுப்பு. பிறகு ஒரு குரல், "பதினஞ்சுண்ணே!"

கடைசி வரிசைக்கு 'பூநாரை' என்று பெயர் எழுதி வைத்திருந்தோம். அன்றைக்கு ஒன்றுகூட கண்ணில் படவில்லை. வரிசை காலி. எனக்கோ கை அரித்தது. "பிங்க் கலர்ல ஒண்ணே ஒண்ணு வரைஞ்சிடலாம்மா, சார்ட் சூப்பரா இருக்கும்" என்றேன்.

ரெட்டைச் சடைக்காரி ஸ்கெட்ச் பேனாவை மூடிவிட்டாள். "ஒண்ணு போட்டா பத்துன்னுல்லா அர்த்தம்ணே. வராத பத்து பறவைய எப்பிடிப் போட?"

என்னிடம் பதில் இல்லை.

சாயங்காலம் சார்ட்டைப் பள்ளி வாசலில் ஒட்டினோம். பேரனைக் கூப்பிட வந்த ஒரு பாட்டி நின்று பார்த்தார். எழுத்து வாசிக்கத் தெரியாதவர். படங்களை விரலால் தொட்டுக்கொண்டே வந்து, காலி வரிசையில் நிறுத்தினார். "இது ஏம்ல வெறுமனே கெடக்கு?"

"அது பூநாரை ஆச்சி. இன்னிக்கு வரல."

"ஆமா, நானும் பாக்கல" என்றபடி பேரன் கையைப் பிடித்துக்கொண்டு போனார்.

எனக்கு எங்கள் காலேஜ் லேப் ஞாபகம் வந்தது. அங்கே நாங்கள் முதலில் வளைகோட்டை வரைந்துவிடுவோம். பிறகு அதற்குப் பொருத்தமாக ரீடிங்கை எழுதுவோம். ஒரு புள்ளி விலகினால் ரப்பர் எதற்கு இருக்கிறது? ரெக்கார்டு நோட்டில் எல்லாப் பக்கமும் அழகோ அழகு. அதில் எத்தனை பூநாரைகள் நான் வரைந்தவை என்று எனக்கே தெரியாது.

முகாம் முடிந்து வந்த அடுத்த வாரம் லேப். ஆறாவது ரீடிங் கோட்டை விட்டுத் தனியாகப் போய் நின்றது. "டேய், தள்ளிப் போட்டுக்கடா" என்றான் பக்கத்து மேஜை நண்பன். நான் மறுபடி ஒரு தடவை அளந்தேன். அதே எண்தான் வந்தது. அப்படியே வைத்துவிட்டேன்.

மார்க் குறைந்ததா என்று கேட்காதீங்க. ரெண்டு குறைந்தது!