யார் பெயரில் துப்பாக்கி?

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்குக் கால அட்டவணையில் இல்லாத பாடவேளை ஒன்று உண்டு. மலாய் மொழியில் வரும் படிவங்களைப் பெற்றோருக்காக நிரப்பிக் கொடுப்பதுதான் அது. பள்ளி முடிந்தபின் அரைமணி நேரம் வாசலில் நின்றால் போதும். உதவித்தொகைப் படிவம், பிறப்புப் பத்திரத் திருத்தம், ஓய்வூதிய மனு என்று ஏதாவது ஒன்று கைக்கு வந்து சேரும். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் இதற்கெனப் பயிற்சி எதுவும் தரப்படவில்லை. பட்டறிவே ஆசான்.

தஞ்சோங் ரம்புத்தானில் இத்தனை ஆண்டுகள் படிவம் நிரப்பிய எனக்கு அண்மையில்தான் ஒரு துப்பாக்கிப் படிவம் வந்தது. கொண்டு வந்தவர் நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தந்தை. ஈப்போவில் ஒரு பேரங்காடியில் ஜாகா வேலை பார்ப்பவர். பணம் ஏற்றிச் செல்லும் வண்டிக்கு அவரை மாற்றுவதாக நிறுவனம் கூறியிருந்தது. சம்பளம் கூடும், ஆனால் ஆயுதம் ஏந்த வேண்டும். "டீச்சர், எனக்குத் துப்பாக்கி லைசென்ஸ் எடுக்கப் போறாங்க" என்றார் பெருமையாக. மகள் அதற்கு முன்பே வகுப்பில் செய்தியைப் பரப்பிவிட்டாள். "எங்கப்பாவுக்குத் துப்பாக்கி வாங்கித் தர்றாங்க!"

படிவத்தைப் படித்தபோது அது லைசென்ஸ் படிவமே அல்ல என்று தெரிந்தது. 'பெர்மிட் பாவா டான் குனா', அதாவது ஏந்திச் செல்லவும் பயன்படுத்தவுமான அனுமதி.

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. நம் நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பதை முறைப்படுத்துவது 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். அதன்படி ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஓர் உரிமம் வேண்டும். விண்ணப்பத்தை ஏற்பதும் மறுப்பதும் மாநிலக் காவல் துறைத் தலைவரின் கையில் இருக்கிறது. பாதுகாவல் நிறுவனத்தைப் பொறுத்தவரை உரிமம் நிறுவனத்திற்கு உரியது. தொழிலாளிக்குக் கிடைப்பது அந்தத் துப்பாக்கியைப் பணியின்போது ஏந்திச் செல்லும் அனுமதி மட்டுமே. பணி முடிந்ததும் அதைத் திரும்ப ஒப்படைத்துவிட வேண்டும். வீட்டுக்குக் கொண்டு வர முடியாது. கோயில் திருவிழாவுக்கு இடுப்பில் செருகிச் செல்லவும் முடியாது. இதை அந்தச் சிறுமிக்கு விளக்கியபோது அவள் முகம் சற்றே வாடிப்போனது.

அமெரிக்கப் படங்களைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு, சட்டைக்குள் துப்பாக்கியை மறைத்துக்கொண்டு நடப்பது பெரியவர்களின் இயல்பான உரிமை போலத் தோன்றுகிறது. அந்நாட்டிலேயே அஃது எல்லா மாநிலங்களிலும் எளிதாக இருந்ததில்லை. நியூயார்க்கில் தனிப்பட்ட தக்க காரணம் காட்டினால்தான் அனுமதி என்ற விதி நூறாண்டுக்கு மேல் இருந்தது. 2022 ஜூன் மாதத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. இங்கோ நிலைமை நேர்மாறானது. துப்பாக்கி குடிமகனின் உரிமை அன்று. காரணம் காட்டிப் பெறும் சலுகை. வணிகர் ஒருவர் உயிருக்கு மிரட்டல் உண்டென்று கைத்துப்பாக்கிக்கு விண்ணப்பிக்கலாம். கிடைக்குமா என்பது வேறு கதை.

நம் சட்டம் இப்படி இறுகியதற்கு ஒரு வரலாறு உண்டு. அது நம் ஊருக்கு மிக அருகில் தொடங்கியது. 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் பகுதித் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிருவாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த இரண்டு நாள்களில் அவசரகாலம் நாடெங்கும் அறிவிக்கப்பட்டது. அதன் விதிகளின்படி, அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கு. தோட்டத்துத் துரை இடுப்பில் கைத்துப்பாக்கியோடு நடந்தார். தோட்டங்களைக் காக்கச் சிறப்புக் காவலர்கள் துப்பாக்கியோடு நிறுத்தப்பட்டனர். கிந்தா பள்ளத்தாக்கில் ஈயச் சுரங்கங்களைக் காக்க 1952இல் தனியாக ஓர் ஊர்க்காவல் படையே அமைக்கப்பட்டது. லயத்தில் இருந்த நம்மவருக்குக் கிடைத்தது முள்வேலி.

அந்த விதியின்கீழ்த்தான் மலாயாத் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பிற்குத் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி தூக்கிலிடப்பட்டார். 1949 மார்ச்சில் ரவாங் பகுதியில் கைத்துப்பாக்கியுடன் பிடிபட்டார். அதைக் காவல் துறையிடம் ஒப்படைக்கவே எடுத்துச் சென்றதாக அவர் கூறியது ஏற்கப்படவில்லை. இந்திய அரசு கருணை கேட்டது, அதுவும் ஏற்கப்படவில்லை. மே 4ஆம் நாள் புடு சிறையில் தண்டனை நிறைவேற்றப்பட்டது. அவர் யாரையும் சுட்டதாக வழக்கு இல்லை. வைத்திருந்தார் என்பது மட்டுமே குற்றம். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும் என்று ஆறாம் ஆண்டு வகுப்பில் ஒருமுறை கேட்டேன். ஒரு கையும் உயரவில்லை.

அவசரகாலம் 1960 ஜூலை 31இல் முடிவுற்றது. ஆனால் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் உடனே அந்த இடத்தை நிரப்பியது. பாதுகாப்புப் பகுதியில் சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் அதன்படியும் கட்டாய மரண தண்டனைதான். 1977இல், கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்த குற்றத்திற்காக 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கே இந்நாட்டில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. பெரும் எதிர்ப்பு எழுந்து, பின்னர் அந்தத் தண்டனை குறைக்கப்பட்டது. பதினான்கு வயது என்றால் நம்மிடம் ஆறாம் ஆண்டு முடித்துச் சென்ற இரண்டே ஆண்டுகளில் வரும் வயது. அந்தச் சட்டம் 2012இல் அகற்றப்பட்டது. துப்பாக்கியால் சுட்டுக் கொள்ளை போன்ற குற்றங்களைச் செய்வோர்க்கு 1971ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்த கட்டாய மரண தண்டனையும் 2023 ஜூலை 4 முதல் கட்டாயமில்லை என்றானது. அப்படியும் அனுமதியில்லாத துப்பாக்கி ஒன்று வீட்டில் இருந்தால் ஆயுதச் சட்டத்தின்படி 7 ஆண்டு வரை சிறை அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வழக்குப் போட்டால் 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது ஆறு பிரம்படி.

ஜாகா அண்ணனின் படிவத்துக்கு வருகிறேன். பாதுகாவலர்களின் அனுமதியை இறுக்கியது 2013 அக்டோபரில் சுபாங் ஜெயாவில் நடந்த கொடுமை. வங்கி ஒன்றில் காவலுக்கு இருந்தவனே வங்கி அதிகாரியான ஒரு பெண்ணைச் சுட்டுக்கொன்று பணத்துடன் ஓடினான். அவனிடம் இருந்த அடையாள அட்டையே போலி என்பது பின்னர் தெரிய வந்தது. அதன் பிறகு ஆயுதம் ஏந்தும் பாதுகாவலர்களின் பின்னணி பற்றிய சரிபார்ப்பு கூடியது. இது தேவையான கடுமை என்றே நான் கருதுகிறேன்.

இருந்தாலும் படிவத்தின் ஒரு கேள்விக்கு முன் அவர் தயங்கி நின்றதை மறக்க முடியவில்லை. பத்தொன்பது வயதில் ஒரு கைகலப்பில் அவர் பெயர் காவல் நிலையத்தில் பதிவாகியிருந்தது. "அதையும் எழுதணுமா டீச்சர்? இருபது வருசம் ஆச்சு."

"எழுதணும்ணே. மறைச்சா அதுவே பெரிய குத்தமாயிடும்" என்றேன்.

எழுதினோம். சில வாரங்களுக்குப் பின், விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்று நிறுவனத்தின் வழியே செய்தி வந்தது. காரணம் சொல்லப்படவில்லை. அவர் இன்னும் பேரங்காடி வாசலில் வெறுங்கையுடன்தான் நிற்கிறார். பொய் எழுதியிருந்தால் கிடைத்திருக்குமோ என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என் பதில் மாறியிருக்காது. ஆயினும் பதின்ம வயதுப் பையன்களின் பெற்றோருக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். அடுத்த தெருச் சண்டையில் உங்கள் பிள்ளை நிற்கும்போது, இருபது ஆண்டு கழித்து அவன் நிரப்பப் போகும் படிவமும் அங்கேயே எழுதப்படுகிறது.

இன்னொரு செய்தி எனக்கு வகுப்பறையில் கிடைத்தது. "தாத்தா கட்டிலுக்கு அடியில துப்பாக்கி வைக்கப் போறாரு டீச்சர், பன்னி சுட" என்று இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவன் சொன்னான். பிள்ளைகள் சொல்வதில் பாதி கற்பனை. மறுபாதியை விசாரிக்க அன்று மாலையே அவன் வீட்டுக்குப் போனேன்.

தாத்தா பால்மரம் வெட்டியவர். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு தோட்டத்தை விட்டு வெளியேறி, ஒரு சீனத் தவுக்கேயின் டுரியான் பழத்தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே காட்டுப்பன்றி சுடுவதற்கு 'செனாப்பாங் பாத்தா' ஒன்று இருந்தது. நடுவில் மடித்துத் தோட்டா போடும் பழைய வகைத் துப்பாக்கி. உரிமம் தவுக்கே பெயரில். ஏந்திச் செல்லும் அனுமதி தாத்தா பெயரில். இருபது ஆண்டுகள் அதைத் துடைத்து, எண்ணெய் இட்டு, இரவில் தோளில் சுமந்தவர் அவர்தான். தவுக்கே இறந்ததும் பிள்ளைகள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தனர். அதுதான் சரியான செயல். உரிமம் ஆளுக்கு உரியது. வீட்டுச் சொத்தைப் போல் மகனுக்கு வந்து சேராது. அத்துடன் தாத்தாவின் அனுமதியும் முடிந்தது.

இப்போது ஆற்றோரத்தில் மரவள்ளியும் வாழையும் போட்டிருக்கிறார். செம்பனைப் பழம் தின்று பெருத்த காட்டுப்பன்றிகள் இரவோடிரவாக வந்து கிழங்கைக் கிண்டிப் போட்டுவிடுகின்றன. "என் பேர்ல ஒன்னு எடுக்க முடியுமா, டீச்சரம்மா?" என்று கேட்டார். முடியும், சட்டத்தில் தடை இல்லை. ஆனால் காரணம் காட்ட வேண்டும். விவசாயிக்குக் காரணம் என்பது நிலம். நிலத்துக்குச் சான்று பத்திரம். அவர் பயிரிடும் ஆற்றோரத்துக்குப் பத்திரமும் இல்லை, தற்காலிகக் குடியிருப்பு உரிமமும் இல்லை. துப்பாக்கி கிடைத்தாலும் பன்றியைச் சுட 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பெர்ஹிலித்தானிடம் இன்னோர் உரிமம் பெற வேண்டும். மூன்று தலைமுறையாக இந்த மண்ணில் உழைத்தவரிடம் படிவம் கேட்ட முதல் தாளே இல்லை. துப்பாக்கிச் சட்டத்தைப் பற்றி விளக்கப்போன நான், நிலத்தைப் பற்றியே நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

கட்டிலுக்கு அடியில் வரவிருந்தது வேறு துப்பாக்கி. யாரோ இரும்புக் குழாயில் செய்த நாட்டுத் துப்பாக்கியை ஒருவர் 'சும்மா வச்சுக்கங்க' என்று இரவல் தர முன்வந்திருக்கிறார். இரவல் என்றால் குற்றமில்லை என்பது தாத்தாவின் எண்ணம். சட்டம் சொந்தம் கொண்டாடுவதை மட்டும் பார்ப்பதில்லை. ஒருவர் வசத்தில், பாதுகாப்பில், கட்டுப்பாட்டில் இருந்தாலே போதும். 14 ஆண்டு என்றதும் அவர் அசையவில்லை. எழுபது வயதில் எத்தனை ஆண்டானாலும் ஒன்றுதானே என்றார். அந்தக் கட்டிலில்தான் பேரன் படுக்கிறான் என்று நான் சொன்ன பிறகே அமைதியானார். துப்பாக்கி வரவில்லை. துத்தநாகத் தகடுகளை ஊன்றி வேலி போட்டிருக்கிறார். பாதிக் கிழங்கு பன்றிக்கு, பாதி தமக்கு என்கிறார்.

சிலர் பன்றிக்காக மின்கம்பி இழுத்து வைக்கிறார்கள். அதுவும் சட்டவிரோதம், பன்றிக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் வேறுபாடு அறியாதது.

கடைசியாக, பெற்றோரின் கவனத்திற்கு ஒன்று. இணையக் கடைகளில் உண்மைத் துப்பாக்கியைப் போலவே இருக்கும் பொம்மைகளைப் பலர் பிறந்தநாள் பரிசாக வாங்கித் தருகிறீர்கள். ஆயுதச் சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி போலித் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். ஓராண்டு வரை சிறை அல்லது 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். நீர்க்குமிழ் உருண்டைகளைச் சுடும் 'ஜெல் பிளாஸ்டர்' குறித்துக் காவல் துறை பலமுறை எச்சரித்திருக்கிறது. சென்ற தவணையில் அப்படி ஒன்று புத்தகப்பையில் பள்ளிக்கு வந்தது. பெற்றோரை அழைத்துக் காட்டினோம். "எழுபது வெள்ளி கொடுத்து வாங்கினேன் டீச்சர், திருப்பிக் கொடுத்திடுங்க" என்றார் தாயார். தலைமையாசிரியர் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்படி கூறினார். அவர் அந்த அம்மாவுடன் தாமும் சென்று வந்தார். பையன் வாசலில் காத்திருந்தான். அடுத்த நாள் பம்பரம் கொண்டு வந்தான்.