மஞ்சள் சிவந்த உள்ளங்கை

தமிழில் கைகழுவுவதற்கு இரண்டு பொருள். ஒன்று எல்லாருக்கும் தெரிந்தது. மற்றது, ஒருவரை நட்டாற்றில் விட்டுவிட்டுப் போவது. மும்பை தாராவியில் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு வாத்தியாராக இருந்த காலத்தில், முதலாவதைச் சொல்லிக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு இரண்டாவதைச் செய்துகொண்டிருந்தேன்.

நான்காம் வகுப்பில் ஒரு சிறுமி. கிருமி எப்படிப் பரவும், எப்போதெல்லாம் கை கழுவ வேண்டும் என்று கேட்டால் மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். மதியம் கிச்சடித் தட்டு வந்ததும் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஒருநாள் அதட்டினேன். "சோப்பு பீரோவுல இருக்கு சார். சாவி உங்ககிட்டல்லா இருக்கு" என்றாள். காணாமல் போகிறதே என்று பூட்டி வைத்தவன் நான்தான்.

"வீட்டுலயாவது கழுவுறியா?"

"காலைல நல்லா கழுவுவேன் சார். தண்ணி அப்பத்தான வரும்?"

அவர்கள் கல்லியில், அதாவது சந்தில், விடியற்காலையில் கொஞ்ச நேரம் குழாய் வரும். பிடித்து வைத்த ட்ரம்தான் ராத்திரி வரைக்கும். குடிக்க, பொங்க, பாத்திரம் துலக்கப் போக மிச்சம்தான் கைக்கு. அழுக்குக் கையோடு ட்ரம்முக்குள் செம்பை விட்டால் அம்மா முதுகில் வைப்பாள். அந்தத் தாய்க்குக் கிருமியைப் பற்றி என்னைவிட நன்றாகவே தெரிந்திருந்தது.

நம் வீடுகளில் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? சாப்பிடும் முன்னால் வெறும் தண்ணீரில் கையை நனைத்துக்கொள்வோம். சாப்பிட்ட பிறகு, மீன்குழம்பு வாடை போக, சோப்புப் போட்டுத் தேய்ப்போம். வேண்டிய இடத்தில் சோப்பு இல்லை. வாடை இருக்கும் இடத்தில்தான் இருக்கிறது. கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாததைப் பெரியவர்களே நம்புவதில்லை, பிள்ளைகளை என்ன சொல்ல?

கண்ணுக்குக் காட்டிவிடலாம் என்று மிளகுத்தூள் வித்தையைச் செய்தேன். தட்டுத் தண்ணீரில் மிளகுத்தூளைத் தூவி, சோப்புத் தொட்ட விரலை நடுவில் வைத்தால் தூள் விளிம்புக்கு ஓடும். "பாத்தீங்களா, கிருமி ஓடுது!" என்றேன். மறுநாள் ஒரு பயல் வந்தான். "எங்க அக்கா மூஞ்சிக்குப் போடுற பவுடரைத் தூவினேன் சார், அதுவும் ஓடுச்சு. பவுடர்லயும் கிருமியா?" தண்ணீரின் மேற்பரப்பில் இருக்கும் இழுவிசையைச் சோப்புக் குலைப்பதால் ஓடுகிறது, கிருமிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வகுப்பின் முன்னால் ஒத்துக்கொண்டேன். நல்ல காரியத்துக்கென்று பிள்ளைகளிடம் சொல்லும் பொய் ரொம்ப நாள் தாங்காது.

அப்புறம்தான் மஞ்சள். தேங்காயெண்ணெயில் மஞ்சள்தூளைக் குழைத்து எல்லார் கையிலும் முன்னும் பின்னும் பூசினோம். முதலில் வெறும் தண்ணீர். ஒன்றும் போகவில்லை; எண்ணெயின் மேல் தண்ணீர் முத்து முத்தாக உருண்டது. அடுத்து சோப்பு. நுரை திடீரென்று சிவந்ததும் ஒருத்தி "ரத்தம் சார்!" என்று அலறிவிட்டாள். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கிறதே, அதே கதைதான். சோப்பும் காரம். கையை அலசிவிட்டு அவரவர் விரலைப் பார்க்கச் சொன்னேன். உள்ளங்கை வெளுத்திருந்தது. நகக்கண்ணிலும் விரலிடுக்கிலும் கட்டைவிரலின் பின்புறத்திலும் கறை அப்படியே இருந்தது. எங்கே தேய்க்கவில்லை என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் நகத்திலும் இருந்தது.

சோப்பின் ஒரு முனை தண்ணீரைப் பிடிக்கும், மறுமுனை எண்ணெயைப் பிடிக்கும். கையின் பிசுக்கில் ஒட்டியிருக்கும் கிருமி பிசுக்கோடு சேர்ந்து கிளம்பிவிடும். கொரோனா போன்ற வைரஸுக்கு மேலுறையே கொழுப்புதான். அதைச் சோப்பு உடைத்தே போட்டுவிடும்.

இத்தனையும் தெரியாமலே கை கழுவச் சொன்னவர் டாக்டர் இக்னாஸ் செம்மல்வைஸ். 1847-இல் வியன்னா பிரசவ ஆஸ்பத்திரியில், பிணத்தை அறுத்துப் படித்துவிட்டு அதே கையோடு பிரசவம் பார்க்க வந்த மாணவர்களைக் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த தாய்மார் சாவு ஜூனில் இரண்டு சொச்சத்துக்கு இறங்கியது. சக டாக்டர்கள் பலர் ஏற்கவில்லை. எங்கள் கை அழுக்கா என்ற கோபமும் ஒரு காரணம்.

மும்பையும் கிருமியால் உருமாறிய ஊர். 1896-இல் பிளேக் வந்த பிறகுதான் நெரிசலைக் குறைக்க 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைத்தார்கள். மாதுங்காவின் அகன்ற தெருக்களும் மர நிழலும் அப்படி வந்தவை. ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் தாராவி. கிருமிக்குப் பயந்து போட்ட திட்டம் பாதையைத் தாண்டவில்லை.

2020 ஏப்ரல் 1-ஆம் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். அந்த வாரம் ஊரடங்கில் செம்பூர் வீட்டில் அடைந்து கிடந்த எனக்கு ஒரு போன். பவுடர் கேள்வி கேட்ட அதே பயல். இப்போது தையல் பட்டறை வைத்திருக்கிறான்.

"சார், இருபது செகண்டு கழுவணும்னு டிவில சொல்லுதாங்க. எங்க கல்லி முழுக்கத்துக்கும் ஒரே ஒரு கக்கூசுதான். இருபது செகண்டுக்கு எத்தன குடம் ஆகும்?"

"இருபது செகண்டும் தேய்க்கதுக்குல. தேய்க்கும்போது தண்ணி எதுக்கு? நனைக்கக் கொஞ்சம், அலசக் கொஞ்சம். ஒரு டம்ளர் போதும்."

ரெண்டு நாள் கழித்துத் திரும்பக் கூப்பிட்டான். ஆணியைக் காய்ச்சி பாட்டில் மூடியில் துளை போட்டு, கழிப்பறை வாசலில் தலைகீழாகக் கட்டியிருக்கிறார்களாம். பக்கத்தில் பூண்டு விற்கிற வலைப்பையில் சோப்பு.

"யாரும் எடுத்துட்டுப் போகலியால?"

"தீர்ந்துதான் போகுது சார். எடுத்துட்டுப் போகல" என்றான். பீரோ அவனுக்கும் ஞாபகம் இருந்திருக்கிறது.