ஒரு டின் மண்ணெண்ணெய்க்கு ஒரு நடை

பெங்களூரின் பழைய விமான நிலையச் சாலையில் முருகேஷ்பாளையத்தைத் தாண்டினால், நெரிசலின் இரைச்சலையும் மீறி அந்தப் படபடப்பு கேட்கும். ஆட்டோக்காரர்கள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. பயணிகள் விமானங்கள் 2008-ல் தேவனஹள்ளிக்குக் குடிபோய்விட்டன. ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் மட்டும் நகரவில்லை. 1940-ல் மைசூர் சமஸ்தானத்தின் உதவியுடன் வால்சந்த் ஹீராசந்த் தொடங்கிய தொழிற்சாலை இது. பக்கத்துப் பேட்டைக்கு விமானபுரா என்றே பெயர்.

1970-ல் இங்கே ஹெலிகாப்டர் பிரிவு வந்தது. பிரெஞ்சு உரிமத்தில் சேத்தக், சீட்டா இரண்டும் தயாராயின. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டரில், மிதமான வெயிலில் பிறந்த சீட்டாவுக்கு வாய்த்த வேலையோ சியாச்சினில், 6,000 மீட்டருக்கு மேல். 1984 ஏப்ரலில் ராணுவம் அந்தப் பனிமலையில் ஏறியது முதல், உச்சியில் உள்ள காவல் நிலைகளுக்கு அதுதான் பலசரக்கு வண்டி, தபால்காரர், ஆம்புலன்ஸ்.

அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கிட்டத்தட்டப் பாதிதான். சுழலும் இறக்கைக்குப் பிடிமானம் இல்லை. இன்ஜினுக்கும் மூச்சு வாங்குகிறது. மிக உயர்ந்த நிலைகளுக்குச் சீட்டா ஒரு நடையில் கொண்டு போவது 20 முதல் 25 கிலோ. அதாவது ஒரு டின் மண்ணெண்ணெய். பெங்களூர் ரயில் நிலையப் போர்ட்டர் அலட்சியமாகத் தலையில் ஏற்றிக்கொள்ளும் சுமை.

உயரம் ஏறுவதில் சீட்டாவைக் குறை சொல்ல முடியாது. அதன் பிரெஞ்சு மூலமான லாமா, 1972-ல் 12,442 மீட்டர் ஏறி உலக சாதனை படைத்தது. பெங்களூரில் புது இன்ஜின் பொருத்தப்பட்ட வடிவம் 2004-ல் சாசர் காங்ரியில் 7,000 மீட்டருக்கு மேல் இறங்கிக் காட்டியது. வயதுதான் பிரச்சினை. ஒற்றை இன்ஜின், 1960களின் வடிவமைப்பு. விபத்துகள் தொடரவே, இந்தப் பழைய ஹெலிகாப்டர்களை நிறுத்தச் சொல்லி 2015-ல் ராணுவ அதிகாரிகளின் மனைவியர் பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கரிடமே போய் நின்றார்கள். 2023 மார்ச்சில் அருணாசலப் பிரதேசத்தில் ஒரு சீட்டா விழுந்து இரு விமானிகள் இறந்தனர். ஒருவர் தேனி மாவட்டத்துக்காரர்.

வெளிநாட்டில் வாங்கும் முயற்சிகள் 2007-லும் 2014-லும் ரத்தாயின. கடைசியில் பெங்களூரே கைகொடுத்தது. இங்கே வடிவமைத்த மூன்று டன் வகை இலகு ஹெலிகாப்டர் 2016 செப்டம்பரில் முதன்முறை பறந்தது. லேயிலும் சியாச்சினிலும் சோதனைகளைத் தாண்டியது. 2020-ல் விமானப்படைக்கான வடிவத்துக்கும் மறு ஆண்டு தரைப்படைக்கான வடிவத்துக்கும் ஒப்புதல் வந்தது. 2023-ல் தும்கூர் மாவட்டம் குப்பி அருகே 615 ஏக்கரில் தனித் தொழிற்சாலையும் திறந்தாயிற்று. ஆனால் சீட்டாவுக்கு ஓய்வு கிடைத்தபாடில்லை. திறப்பு விழாக்களில் நாம் காட்டும் சுறுசுறுப்பு மற்றதிலும் இருந்திருக்கலாம்.

இடையில் ஒரு சின்னக் கணக்கு. குளிர் உடுப்போடு இரண்டு விமானிகளின் எடை 150 கிலோவுக்குக் குறையாது. கொண்டு போகும் சரக்கோ 25 கிலோ. ஆளே இல்லாமல் அனுப்பினால்? அமெரிக்க மரைன் படை 2011 முதல் ஆப்கானிஸ்தானில் அப்படித்தான் கே-மேக்ஸ் ஹெலிகாப்டர்களை அனுப்பியது. சுமார் 2,000 டன் சரக்கு போய்ச் சேர்ந்தது. 2013-ல் ஒன்று விழுந்தது. யாருக்கும் காயம் இல்லை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் முளைத்த ஒரு நிறுவனம் 2024-ல் நம் ராணுவத்துக்குக் கொடுத்த ஆளில்லாக் குட்டி ஹெலிகாப்டர் 20 கிலோ வரை சுமக்கும். விமானபுராவின் பொறியாளர்களும் ஆளில்லா ஹெலிகாப்டர் வடிவமைப்பில் இறங்கியிருக்கிறார்கள்.

மண்ணெண்ணெய்க்கு இது போதும். ஆனால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும் சிப்பாயை மேலே வைத்து வைத்தியம் பார்க்க முடியாது. உடனே கீழே இறக்கியாக வேண்டும். டின்னை இறக்கிவிட்டுத் திரும்பும் சீட்டாவில்தான் இன்றும் அவருக்கு இடம்.