பனிமலையடியில் ஒரு பகல்

 

பூமியில் பயணம் செய்து பாருங்கள் என்று அல்குர்ஆன் பல இடங்களில் நம்மைத் தூண்டுகிறது. நாமோ பயணம் என்பதைச் சாமான் வாங்கவும் படம் பிடிக்கவும் உரிய ஒன்றாகச் சுருக்கிவிட்டோம். 2025 ஜூலையில் உம்மாவுடன் கனடாவிலுள்ள தங்கையின் வீட்டுக்குப் போயிருந்தபோது கழிந்த ஒரு பகலைப் பற்றி இங்கு எழுதுகிறேன். ஊர்ப் புதினம் சொல்வது என் நோக்கமல்ல. அன்று கண்டவற்றில் நம் வீட்டுக் குழாயடிக்கும் ஒரு செய்தி இருந்தது.

அங்கு 'ஆர்.வீ.' எனும் வீட்டு வாகனத்தை வாடகைக்கு எடுத்துக் குடும்பமாகப் பயணிப்பார்கள். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் அதற்குள்ளேயே உண்டு. ஆனால், தண்ணீர் ஒரு தாங்கியில் நிரப்பிக்கொண்ட அளவுதான். "தீர்ந்தால் அடுத்த தரிப்பிடம் வரை பொறுக்க வேண்டும்" என்று மச்சான் முதலிலேயே எச்சரித்துவிட்டார்.

ஸுப்ஹுத் தொழுதுவிட்டு லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர் நோக்கிப் புறப்பட்டோம். சுமார் 230 கிலோமீற்றர் நீளமான மலைப்பாதை. வழியில் பெய்ட்டோ ஏரியைக் கண்டோம். பனிப்பாறை நகரும்போது அடியிலுள்ள கற்களை மாவாக அரைக்கிறது. அந்த மாவு நீரில் மிதந்து சூரிய ஒளியைச் சிதறச் செய்வதால் ஏரி பசும் நீலமாகத் தெரிகிறது. ஸூரா ஃபாத்திரில் மலைகளின் பல நிறங்களைக் கூறிய அடுத்த வசனத்திலேயே, அல்லாஹ்வை அஞ்சுவோர் அறிவுடையோரே என்று வருவதை எத்தனையோ தடவை மாணவர்களுக்கு ஓதிக் கொடுத்திருக்கிறேன். அன்று அந்த இரு வசனங்களின் தொடர்பு கண்ணெதிரே விரிந்தது.

சற்றுத் தூரத்தில் வாகனங்கள் வரிசையாக நின்றன. பாதையோரத்தில் ஒரு கருங்கரடி புல் மேய்ந்துகொண்டிருந்தது. அதற்கப்பால் பெருங்கொம்புச் செம்மறியாடுகள். முன்னால் நின்ற ஒருவர் ஓர் ஆட்டுக்கு பிஸ்கட்டை நீட்டினார். பதினொரு வயது மருமகள் பதறிவிட்டாள். "மாமா, அது பாவம்! கொடுக்கக் கூடாது" என்றாள். கரடிக்கு 100 மீற்றர், மான், ஆடுகளுக்கு 30 மீற்றர் தூரம் விட வேண்டும் என்பது அங்குள்ள தேசியப் பூங்காக்களின் விதி. உணவு கொடுப்பதும் சட்டப்படி குற்றம். மனிதர் கையால் உண்டு பழகிய கரடி பயம் விட்டு ஊருக்குள் வரும். இறுதியில் அதைக் கொல்ல வேண்டிய நிலை அதிகாரிகளுக்கு ஏற்படும். இரக்கம் என்று நாம் நீட்டுவது அந்தப் பிராணிக்கு மரணமாகவும் முடியலாம். மிருகங்களும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று ஸூரா அன்ஆம் சொல்கிறது. ஒரு சமுதாயத்தை அதன் போக்கில் வாழ விடுவதும் அதற்குச் செய்யும் கண்ணியம் அல்லவா?

நடுப்பகலுக்கு முன் அதபாஸ்கா பனிப்பாறையை அடைந்தோம். அது கொலம்பியா பனிவெளியின் ஒரு கிளை. அந்தப் பனிவெளியின் நீர் பசுபிக், ஆர்க்டிக், ஹட்சன் விரிகுடா வழியே அத்திலாந்திக் என மூன்று சமுத்திரங்களின் திசையில் பிரிந்து ஓடுகிறது. எட்மன்டன் போன்ற பெரு நகரங்களின் குடிநீர் ஆறும் அங்குதான் பிறக்கிறது. ஆனால், உலகம் சூடேறுவதால் அந்தப் பனிப்பாறை கடந்த 125 ஆண்டுகளில் சுமார் ஒன்றரைக் கிலோமீற்றர் பின்வாங்கி, தன் கனவளவில் பாதிக்கு மேல் இழந்துவிட்டது. எந்த ஆண்டில் பனியின் நுனி எங்கிருந்தது என்பதைக் காட்ட வழிநெடுகப் பலகைகள் நட்டிருக்கிறார்கள். '1982' என்ற பலகையருகே நின்றேன். அது நான் பிறந்த ஆண்டு. அங்கிருந்து பார்த்தால் பனி வெகு தொலைவில் இருந்தது. இடையில் வெறும் கல்லும் சரளையும்தான்.

உம்மாவால் ஏற்றத்தில் நடக்க முடியாது. பனி மீதே ஏறிச் செல்லும் பெரிய சில்லு பஸ்ஸில் அவரைக் கூட்டிப் போனோம். உருகி ஓடிய நீரை மருமகள் ஒரு லீற்றர் போத்தலில் பிடித்துக் கொடுத்தாள். வாகனத்துக்குத் திரும்பியதும் உம்மா அந்தப் போத்தலிலேயே வுழூச் செய்தார். முடித்த பின்னும் அதில் நீர் மிச்சமிருந்தது. "தாங்கியிலயும் தண்ணி இருக்குதே உம்மா" என்றேன். "இருக்குதெண்டு ஊத்துறதா மகன்? பவுசரை மறந்திட்டீங்களா?" என்றார்.

1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு, கற்பிட்டி முகாமில் இருந்த காலத்தைத்தான் சொன்னார். தண்ணீர் பவுசர் வரும்வரை குடத்துடன் வெயிலில் நிற்பார். வீட்டில் எட்டுப் பேருக்கும் அந்தக் குடம்தான். அன்று பழகிய கை முப்பத்தைந்து ஆண்டுகளாகியும், நதிகள் பிறக்கும் இடத்தில் நின்றும் மாறவில்லை. நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' நீரில், அதாவது ஏறத்தாழ முக்கால் லீற்றருக்கும் குறைந்த அளவில் வுழூச் செய்தார்கள் என்ற ஹதீஸை நான் பாடமாக நடத்துகிறேன். உம்மா அதை வாழ்ந்து காட்டுகிறார்.

வாகனத்தின் நிழலில் ளுஹரையும் அஸரையும் ஜம்உ, கஸ்ராகத் தொழுதோம். மேற்கு நோக்கித் தொழுது பழகிய நமக்கு அங்கு கிப்லா வடகிழக்கில். உம்மா கதிரையில் இருந்து தொழுதார். ஸூரா முல்க்கின் இறுதி வசனம் உங்கள் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கும். உங்கள் நீர் பூமிக்குள் வற்றிவிட்டால் யார் கொண்டுவருவார் என்று அது கேட்கிறது. எத்தனையோ இரவுகள் தூக்கக் கலக்கத்தில் அதை ஓதி முடித்துவிடுகிறோம். பின்வாங்கிக்கொண்டிருக்கும் பனிக்கு முன் அதை ஓதியபோது என் குரல் தளர்ந்தது.

சகோதர சகோதரிகளே! நம் பள்ளிவாசல் ஹவ்ழடியில் குழாயை முழுதாகத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டே வுழூச் செய்கிறோம். இன்று இரவு ஒரு போத்தல் நீரில் வுழூச் செய்து பாருங்கள். பிள்ளைகளுக்கும் செய்து காட்டுங்கள். முகாமில் வரிசையில் நின்ற மூத்தவர்கள் வீட்டிலிருந்தால், அவர்களுடைய கதையைக் கேட்டு வையுங்கள். அவர்களும் என்றென்றும் நம்முடன் இருக்கப் போவதில்லை.

அல்லாஹ் அவனது அருட்கொடைகளை மதிப்போராக நம்மை ஆக்குவானாக. ஆமீன்.