48 மணி நேரம், ஒரு விளையாட்டு

பூமத்திய ரேகைக்கு ஒரு பாகை வடக்கே இருப்பதால் சிங்கப்பூரின் அந்த வட்டாரத்துக்கு ‘ஒன்-நார்த்’ என்று பெயர். வெள்ளிக்கிழமை மாலை அலுவலகங்கள் காலியாகும்போது மடிக்கணினி, தலையணை, போர்வையோடு நாங்கள் உள்ளே நுழைந்தோம். ‘கேம் ஜாம்’! 48 மணி நேரத்தில் ஒரு வீடியோ கேம் உருவாக்க வேண்டும். 2009ல் தொடங்கிய ‘குளோபல் கேம் ஜாம்’ உலகெங்கும் பரப்பிய பழக்கம் இது. கருப்பொருளை அங்கே போன பிறகுதான் சொல்வார்கள். 2013ல் இதயத்துடிப்பு ஓசையையே கருப்பொருளாகத் தந்தார்கள்!

எங்களுக்குக் கிடைத்தது ‘வீடு’. நிரல் எழுதத் தெரியாத வானொலிக்காரியான எனக்கு ஒலிப் பொறுப்பு. திரை முழுக்க இருட்டு. சத்தத்தைக் கேட்டே வீடு சேர வேண்டும். மின்தூக்கி மணி, வீவக தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம், அம்மாவின் குக்கர் விசில் எல்லாம் பதிவு செய்தேன். திட்டமிட்டது ஐந்து கட்டங்கள். சனிக்கிழமை நள்ளிரவில், “ஒண்ணுதான் முடியும்க்கா” என்றார் நிரல் எழுதிய தம்பி. மனமில்லாமல் நான்கை வெட்டினோம்.

ஞாயிறு மாலை பார்க்க வந்தவர்களில் ஒருவர் பார்வையற்ற இளைஞர். ஹெட்ஃபோன் மாட்டி விளையாடினார். விசில் கேட்டதும், “வந்துட்டேன்!” என்று சிரித்தார். பார்வையுள்ள எங்களைவிட வேகமாகச் சேர்ந்திருந்தார்.

பிள்ளைகள் எந்நேரமும் கேம் விளையாடுகிறார்கள் என்று கவலையா? ஒருமுறை உருவாக்கவும் அனுப்பிப் பாருங்கள்.